எட்டுக்குப் பயந்த வெப்சைட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைவிடக் கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம் அதிகம். முகூர்த்தம் கிடையாது, பந்தியும் கிடையாது. வாசல் பேனரில், காதில் புளூடூத்தும் கழுத்தில் உருத்திராட்சக் கொட்டையுமாக ஒருவர் லேப்டாப்பின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். ‘இணையச் சித்தர் பன்னீர்செல்வம் நடத்தும் மாபெரும் வெப்சைட் தோஷ நிவர்த்தி முகாம்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்துடன் வரவும் என்று சின்ன எழுத்தில்.

வந்திருந்தார்கள். சிற்பக் கடை சின்னையன், லாட்ஜ் வைத்திருக்கும் நௌஷாத், வெள்ளைக்காரர்களுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் ஜோயல். சாமி விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் போகிறவர்கள் எலுமிச்சம்பழத்தில் ஒன்று சேர்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் சொந்தமாக ஒரு வெப்சைட் இருந்தது. எல்லாருக்கும் ஒரே நோய்தான்: சைட் இருக்கிறது, வியாபாரம் இல்லை. புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கிவிடலாம். வெப்சைட்டுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது? இந்தப் பெரிய கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாகப் பதில் சொன்னவர் நம் சித்தர். மவுசுக்கு அடியில் வை என்றார்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள் வரலட்சுமி. சதுரங்கப்பட்டினத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். இவள் நெத்திலிக் கருவாட்டில் தொக்கு செய்கிறவள். அந்தத் தொக்கைச் சாப்பிட்டவன் சோற்றை மறந்து விரலைக் கடித்துக்கொள்வான். ஆனால் ஊருக்கு அது வரலட்சுமியின் தொக்கு என்று தெரியாது. மாமல்லபுரத்துக் கங்காதரன் கடையில் ‘கங்கா ஸ்பெஷல்’ என்று லேபிள் ஒட்டி விற்பார்கள். ஒருநாள் அவளிடமே கடைப் பையன் ஒருவன், “எங்க மொதலாளியம்மா கைப்பக்குவம்கா, சாப்ட்டுப் பாருங்க” என்று ருசி பார்க்க ஒரு ஸ்பூன் நீட்டினான். வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் வெப்சைட். யாரிடமும் கேட்கவில்லை. போனிலேயே யூடியூப் பார்த்து, இலவசமாகக் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டில் தானே உருவாக்கினாள். தொக்கு பாட்டிலை டச்சுக் கோட்டைச் சுவரின்மேல் வைத்துப் படம் எடுத்தாள். பெயர், விலை, தன் போன் நம்பர். ‘வரலட்சுமி தொக்கு’ என்று மேலே பெரிதாக எழுதி முடித்தபோது, ஏனோ அழுகை வந்தது. கங்காதரனிடம் போய், இனி உங்களுக்குத் தொக்கு கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சைட் தொடங்கிய முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து ஒரே ஒரு போன். இரண்டாவது வாரம் அதுவும் இல்லை. புதுக் கடை திறந்தால் நாலு பேருக்குத் தெரிய நாள் ஆகும், வெப்சைட்டும் அப்படித்தான் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னது வேறு: “சித்தர்னு ஒருத்தர் வந்துகீறாரும்மா. வெப்சைட்டுக்கே ஜாதகம் பாக்கறாராம்.”

சித்தர் செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கடை போனது, ஞானம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வரலட்சுமி அவரைத் தேடிப் போனாள். அவளுடைய சைட்டைத் திறந்து பார்த்தவர், சொத்தைப் பல்லைப் பார்த்த டாக்டர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

“போன் நம்பரக் கூட்டிப் பாத்தியாம்மா? எட்டு. சனி வாசல்ல உக்காந்துகினு கீறான். ஆளு எப்டி உள்ள வரும்?”

“அதுதான சாமி என் நம்பரு?”

“போன்ல அதே நம்பர் இருக்கட்டும், நான் கை வைக்கல. சைட்ல மட்டும் கடைசி ரெண்ட மூணா மாத்திடறேன். ஒம்போது வரும். செவ்வாய். சும்மா பிச்சிக்கினு போவும்.”

“அப்ப கூப்புடறவங்களுக்கு…”

“நெட்டும்மா இது! எல்லாம் தானா கனெக்ட் ஆவும். நீ பாஸ்வேர்ட குடு. பாஸ்வேர்டு குருகிட்டதான் இருக்கணும், சொந்தக்காரங்க வெச்சிகினா திருஷ்டி.”

கொடுத்துவிட்டாள். கடைசி எண்ணை மாற்றிக் கூப்பிட்டால் மாமியார் வீட்டுக்குக்கூடப் போன் போகாது என்பது வரலட்சுமிக்குத் தெரியும். ஆனால் நெட் என்று சொன்னவுடன், தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிட்டது. படித்தவர்களுக்கே அப்படித்தான் ஆகிறது, அவளை மட்டும் சொல்வானேன்.

சித்தர் சைட்டின் அடியில் ஒரு ‘வருகை யந்திரம்’ பதித்துக் கொடுத்தார். தாமிரத் தகடு மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஒரு எண். அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணும் உன் சைட்டுக்கு வந்த ஒரு மனுஷன் என்றார். மேலே கண் திருஷ்டிப் பூசணிக்காய்ப் படம் ஒன்று, அதன் பக்கத்தில் தன் படம் ஒன்று, அடுத்த முகாம் எங்கே, எப்போது என்ற விளம்பரம். மாதா மாதம் அபிஷேகக் கட்டணம் தனி. சின்னையன், நௌஷாத், ஜோயல் சைட்டுகளிலும் ஏற்கெனவே இதே யந்திரம்தான்.

எண் ஆயிரங்களில் ஓடி, பத்தாயிரங்களில் ஓடியது. போன் மட்டும் ஒருமுறைகூட அடிக்கவில்லை. இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டு ஒருவர்கூட வாங்கவில்லை என்றால் கோளாறு எங்கே? யந்திரத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தொக்கில்தான் என்று நினைத்தாள். புளியைக் குறைத்துப் பார்த்தாள். எண்ணெயை மாற்றிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் கையை நம்பியவள், ஏறுகிற ஒரு எண்ணைப் பார்த்து அந்தக் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். வீட்டில் விற்காத பாட்டில்கள் அடுக்கடுக்காக நின்றன. கங்காதரன் ஆள் அனுப்பியிருந்தான்: நாளைக்குள் பதில் சொல், பழையபடி என் லேபிளில் போடலாம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை சித்தரைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடலாம் என்றுதான் முகாமுக்கு வந்திருந்தாள்.

மேடையில் சித்தர் ஏறினார். சைட்டைத் தெற்குப் பார்த்துத் திறந்தால் ஹேங் ஆகும் என்றார். ராகு காலத்தில் படம் ஏற்றினால் மங்கலாகத் தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சில பேரு சைட்ல நானூத்தி நாலுன்னு வரும், பாத்துகிறீங்களா?”

கூட்டம் பயத்தோடு தலையாட்டியது.

“கூட்டுங்க. நாலு, பூஜ்யம், நாலு. இன்னா வருது?”

“எட்டு!” என்று மண்டபமே அலறியது. இல்லாத பக்கத்தைத் தேடினால் வருகிற எண் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் எலுமிச்சம்பழம் கையில் இருக்கும்போது யார் பிள்ளையைக் கேட்பார்கள்.

“சனி பகவான் நேரா வந்து கையெழுத்து போடறாரு” என்றார் சித்தர். “பயப்படாதீங்க. இந்தப் பொண்ணப் பாருங்க. சாதாரண கருவாட்டுத் தொக்கு. நம்ம யந்திரம் வெச்சப்பறம் இன்னா ஆச்சு? நீயே ஏறி வந்து சொல்லும்மா!”

வரலட்சுமியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய சைட் திரையில் பெரிதாக விழுந்தது. யந்திரம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. தொண்ணூறாயிரம் பேர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போன தொக்கு தன்னுடையது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்? மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யம்மா, அந்த நெத்திலி தொக்கு நீதானா? நல்லா வந்து மாட்டுன!”

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஒரு அம்மாள் நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தாள். கையில் எலுமிச்சை இல்லை, போன் இருந்தது. பெயர் ஷஹர்பானு. கல்பாக்கத்தில் தையல் கடை.

“ரெண்டு மாசமா பேஜாரு புடிச்சிகீது எனக்கு. சுடிதார் வெட்டிகினு கீறப்ப போனு. ‘அக்கா, நெத்திலி இருக்கா?’ தொழுவுறப்ப போனு. ‘அம்மா, அரை கிலோ பாட்டில் இருக்கா?’ நான் துணி தெக்கிறவப்பா, எனக்கு இன்னாத்துக்கு நெத்திலி? ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி வாயே நோவுது. நேத்து அணுபுரத்துல ஒரு ஆபீசரு சண்டைக்கு வராரு, வெப்சைட்ல உங்க நம்பருதான் போட்டுகீதுன்னு. தொறந்து பாக்கறேன், என் நம்பரு! பக்கத்துல இவரு மூஞ்சி, இந்த மண்டபத்து அட்ரஸு. அதான் நேரா வண்டி ஏறி வந்துட்டேன்.”

 வரலட்சுமி திரையில் இருந்த நம்பரைத் தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி எண் மூன்று. அழைத்தாள். ஷஹர்பானுவின் கையில் மணி அடித்தது.

“போன் வந்துச்சா?” என்றாள் வரலட்சுமி. வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. “தொக்கு கேட்டு நெஜமாவே போன் வந்துச்சாக்கா?”

“வந்துச்சாவா? லிஸ்ட்ட தள்ளித் தள்ளி வெரலு தேஞ்சிடும், பாரு.”

சித்தர் சுதாரித்துக்கொண்டார். “பாத்தீங்களா! போன் மேல போன்! ஒம்போதோட சக்தி! நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆளு வந்துச்சா இல்லியா? யந்திரம் பொய் சொல்லுமா?”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அதானே, யந்திரம் ஓடுகிறதே என்று நௌஷாத் சொன்னார். தன் லாட்ஜ் சைட்டிலும் ஓடுகிறது என்றார். அறைகள் காலியாகக் கிடப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஷஹர்பானு திரையை ஏற இறங்கப் பார்த்தாள், அளவு எடுக்கிற மாதிரி.

“ஏம்பா, இது இன்னா எண்ணுது?”

“உலகம் பூரா வர்ற ஆளுங்கள.”

“அங்க ஆளு வந்தா, அந்தச் சேதி இங்க எப்டி வருது?”

“நெட்டு வழியா.”

“அப்ப நெட்ட சாத்துனா?”

சித்தர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

“நெட்ட சாத்துனா சேதி வராது. சேதி வரலன்னா இந்த எண்ணு அப்டியே நிக்கணும். இல்லியா? யம்மா வரலட்சுமி, உன் போன்ல சைட்டத் தொற. தொறந்துட்டியா? இப்ப அந்த ஏரோப்ளேன் மோட போடு.”

வரலட்சுமி சைட்டைத் திறந்தாள். யந்திரம் ஓடியது. ஏரோப்ளேன் பொம்மையை அழுத்தினாள். சிக்னல் கோடுகள் மறைந்தன. போனை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

யந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நெட்டும் இல்லை, டவரும் இல்லை. ஆனாலும் உலகமெங்குமிருந்து ஜனங்கள் வந்து குவிந்தபடியே இருந்தார்கள்.

“காத்துல… மிச்ச நெட்டு கொஞ்சம் இருக்கும்” என்றார் சித்தர்.

ஜோயல்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து அதே பொம்மையை அழுத்தினான். சின்னையன் அழுத்தினார். நௌஷாத் அழுத்தினார். மண்டபம் முழுக்க நெட் செத்தது, யந்திரங்கள் சாகவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை இருந்தது. நௌஷாத்தும் ஜோயலும் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, லாட்ஜுக்கு ஒரு ஆள் வந்த அதே நொடியில் அலைச்சறுக்குக்கும் ஒரு ஆள் வந்தான். சிற்பத்துக்கும் வந்தான். யாரும் யாரையும் முந்தவில்லை. கடிகார முள் நகர்கிற மாதிரி எண் தானாக நகர்ந்தது. ஆளும் இல்லை, சேதியும் இல்லை. ஏமாற்றிய ஆள் மட்டும் மேடையில் இருந்தார்.

வரலட்சுமிக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. நம்பரை மாற்றியதற்காகக்கூட இல்லை. புளியைக் குறைத்ததற்காக.

“யோவ்! என் தொக்கு நல்லா இல்லன்னு நெனச்சி நெனச்சி செத்துகினு இருந்தேன்யா நானு. பாஸ்வேர்ட எட்றா!”

மற்றவர்களும் மேடையைச் சூழ்ந்தார்கள். தப்பிக்க வழி இல்லாமல் சித்தர் சொன்னார். எல்லாருடைய சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தார். பன்னீர்செல்வம், ஒன்பது. அத்தனை திருஷ்டியையும் தடுத்து நின்ற ரகசிய மந்திரம் இதுதான்.

வரலட்சுமி மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஏரோப்ளேன் பொம்மையை அணைத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினாள், தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. பூசணிக்காயைத் தூக்கினாள். சித்தர் முகத்தைத் தூக்கினாள். யந்திரத்தைப் பிடுங்கினாள். மூன்றை அழித்துவிட்டு இரண்டைப் போடும்போது யாரோ பதறினார்கள்.

“யம்மா, ராகு காலம் நடந்துகினு கீது!”

“நடக்கட்டும். எனக்கு வேல கீது.”

ஷஹர்பானு தன் போனை அவளிடம் நீட்டினாள். பழைய அழைப்புகளில் முதல் எண்ணுக்கு வரலட்சுமி பேசினாள். அணுபுரத்து ஆபீசர்தான். அவள் வாயைத் திறப்பதற்குள், தொக்கு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் அவர். இருக்கிறது என்றாள். சொல்லும்போது அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த எண் வேலூர். அதற்கடுத்தது ஓசூர். நடுவில் தன் போனில் கங்காதரனிடமிருந்து அழைப்பு வந்தபோது, “கருவாட்டுத் தொக்கு வேணும்னா சைட்ல ஆர்டர் போடுங்கண்ணே, என் பேரு மேலயே எழுதிகீது” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சித்தர் பின் வாசல் வழியாகப் போகப் பார்த்தார். நௌஷாத் அவரைத் தோளில் கை போட்டு மறுபடியும் நாற்காலியில் உட்காரவைத்தார். யாரோ கூப்பிட்ட போலீஸ் வரும்வரை அவர் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. ஷஹர்பானு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சிற்பக் கடை சின்னையன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். எலுமிச்சம்பழத்தை இன்னும் கீழே போடவில்லை. குரலில் அப்படி ஒரு பயபக்தி.

“யக்கா, ஒரே ஒரு சந்தேகம். இந்த ஏரோப்ளேன் மோட எந்தக் கெழமைல போட்டா நல்லது? கெழக்கப் பாத்துதான் போடணுமா?”

ஷஹர்பானு கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எந்தக் கெழமைல வேணா போடு, எந்தப் பக்கம் வேணா பாத்துப் போடு அண்ணாத்த. ஆனா போனுக்குப் போடு. மண்டைக்குப் போட்டுக்காத.”