மயில் நீலத்தில் ஒரு கல்யாணம்

தன்னைப் புத்திசாலி என்று நம்புகிறவனிடம் கல்யாண வேலையைக் கொடுக்கக் கூடாது. என் அக்கா கல்யாணத்தில் அந்தப் புத்திசாலி நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் தன் மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். பந்தல், மேசை, பூ எல்லாம் ஒரே இளநீலம். அதற்குத் 'தீம்' என்று பெயராம். பக்கத்து ஊரான மங்கலத்தில் நடக்கவிருந்த அக்கா கல்யாணத்துக்கும் தீம் வைப்பது என்று அன்றே முடிவு செய்தேன். மயில் நீலம். (மயிலைக் கேட்கவில்லை. அக்காவையும் கேட்கவில்லை.)

மண்டபத்து நாற்காலிகளுக்கெல்லாம் நீலப் பனியன் துணியில் உறை. சாயப்பட்டறையில், "இன்னும் ஒரு வாஷ் போகோணுங்க, ரண்டு நாள் கழிச்சு வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

"தைக்க நாள் பத்தாதுங்க. ஒண்ணும் ஆகாது" என்று தூக்கி வந்துவிட்டேன்.

முகூர்த்தத்தன்று கரண்ட் போனது. வைகாசிப் புழுக்கத்தில் மண்டபமே வியர்த்து ஊற்றியது. அட்சதை போட எல்லோரும் எழுந்தார்கள். முன்பக்கம் வெள்ளை வேட்டி சட்டை. பின்பக்கம் மயில் நீலம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். வேட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, சாயத்துணிய அலசாமயா போட்டீங்க?"

திருப்பூர்க்காரனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. "ஆமாங்க" என்றேன். அவருடைய ஆட்கள் கிளம்புவதற்குச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பா என் பக்கமே திரும்பவில்லை. அக்காவின் வாழ்க்கையை முதல் நாளே கெடுத்துவிட்டேன்.

சடங்கு முடிந்து மேடையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை நேராக வந்து, பெரியப்பாவின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகை நன்றாகத் தேய்த்தார். எழுந்து திரும்பி நின்று, "பெரீப்பா, எனக்கும் ஒட்டிருச்சுங்களா?" என்றார்.

அக்காதான் முதலில் சிரித்தாள். பெரியப்பாவுக்குத் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அவரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "செரி, ரண்டு ஊடும் ஒரே நெறமாயிருச்சு. வாங்க, சாப்புடப் போலாம்" என்றார்.

இந்த மாப்பிள்ளையோடு அக்கா நன்றாக இருப்பாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருக்கிறாள்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அக்காவின் புகுந்த வீட்டார் மொத்தப் பேரும் கருநீலச் சட்டையில் வந்து இறங்கினார்கள். "முன்னேற்பாடுங்க" என்றார் பெரியப்பா. இப்போதும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால், அன்று பிறந்தே இராத பிள்ளைகள்கூட முகூர்த்தம் எப்போது என்று கேட்பதில்லை. "என்ன கலர்ல வரோணுங்க, மாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.