மேளாவின் நிரலைக் கொல்லாதே

குந்தாபுரத்திலிருந்து மாமா தேஜப்ப ஷெட்டி, பெங்களூரிலிருக்கும் மருமகன் நிதேஷுக்கு ஆசியுடன் எழுதும் மின்னஞ்சல். இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு மட்டும் கோபம். காலையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை என்று.

நம் யட்சகானக் கூத்துக் குழு, அதாவது மேளா, எந்த ஊரில் எந்த இரவு ஆடுவது என்று முடிவு செய்ய, எட்டாவதோடு பள்ளியைத் துறந்த நான் தனியாளாக எழுதிய நிரலை உன் ஆபீஸ் சர்வரில் ஓட்டுகிறேன் அல்லவா? வெள்ளிக்கிழமைக்குள் தேதி சொல்லாவிட்டால் கோயில்காரர்கள் வேறு மேளாவைப் பிடித்துக்கொள்வார்கள். நீயோ அதற்கு இரண்டு ஜிபிதான் நினைவகம் என்று எல்லை போட்டுவிட்டாய். எட்டு கேட்டேன், சிஸ்டம் மறுக்கவில்லை. நிரப்பப் போனால், இரண்டைத் தாண்டிய நொடியில் ஒரு வார்த்தை சொல்லாமல் நிரலைக் கொன்றது. இலை போட்டு உட்காரவைத்துவிட்டு, இரண்டாம் சோற்றுக்குக் கழுத்தைப் பிடிப்பது எந்த ஊர் மரியாதை? கேட்டதற்கு நீ, "மாமா, கேக்கும்போது சரின்னுதான் சொல்லும். நெனவகத்துல தொட்டு எழுதுனாத்தான் கணக்குல சேக்கும்" என்றாய். நம் பாகவதர் அதற்கும் மேல். "ஷெட்ரே, நம்ம மேடையில ராட்சசன்கூட கொஞ்ச நேரம் ஆடிட்டுத்தான் சாவான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நீ நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய் எல்லையை எடுத்தேன். 'இதைக் கொல்லாதே' என்பதற்கு அடையாளமாக என் நிரலுக்கு மைனஸ் ஆயிரம் எழுதிவைத்தேன். பெங்களூரே அதிர்ந்திருக்கும். நிரல் இயந்திரம் முழுவதையும் தின்றது. சிஸ்டத்துக்கு யாரையாவது கொன்று இடம் பிடித்தாக வேண்டும், என்னையோ தொட முடியாது. அடுத்த குண்டன் யாரென்று பார்த்து அதே சர்வரில் ஓடும் உன் முதலாளியின் மீன் ஆர்டர் நிரலைக் கொன்றது, பிறகு அவருடைய மெயில் நிரலை, கடைசியில் நான் உள்ளே உட்கார்ந்திருந்த தொடர்பையே அறுத்தது. மற்றவரெல்லாம் மாண்டும் மாமாவின் நிரல் மட்டும் நின்றது என்று நீ பெருமைப்பட வேண்டும்.

நான் பின்வாங்குகிறவன் அல்ல. இயந்திரத்தை அணைத்துப் போடு, எனக்குப் பதினாறு ஜிபி ஒதுக்கு, மீனை வேறு சர்வருக்கு மாற்று. மீன் காத்திருக்கும், கோயில்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

துர்கா பரமேஸ்வரி உனக்கு நீண்ட ஆயுளும் அகலமான நினைவகமும் அருளட்டும். முதலாளிக்கு என் வணக்கம்.

பி.கு.: அனுப்புமுன் நிரலை ஒருமுறை படித்தேன். வேண்டாமென்று தள்ளிய அட்டவணைகளையும் அது ஒன்றுவிடாமல் அடுக்கிவைத்துக்கொண்டிருந்தது. தூக்கியெறியச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். வீட்டுப் பழைய கணினியிலேயே முடிந்து, தேதிகள் கோயில்களுக்குப் போய்விட்டன. பதினாறு வேண்டாம், நீ தந்த இரண்டிலேயே பாதி மிஞ்சும். மேளாவில் யாராவது கேட்டால் மட்டும், மாமா அதட்டியதும் நடுங்கிப்போய் எல்லையை எடுத்துவிட்டேன் என்று சொல்.