லேத்து மாமாவுக்கு ஒரு ‘வாங்க’

கோயமுத்தூரில் என் ரத்தக்கொதிப்பை ஏற்றியவர்களுக்கு ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு லேத்து மாமாவுக்குத்தான். இரண்டாம் பரிசையும் அவருக்கே கொடுத்துவிடலாம். மற்றவர்கள் கிட்டவே வர முடியாது.

கணபதியில் எங்கள் வீதி முனையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் யாராவது ‘வாங்க’ என்று கூப்பிடாமல் எந்த வாசற்படியையும் தாண்ட மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே செம்பருத்திச் செடியைப் பார்த்தபடி நிற்பார். காலிங் பெல்லைத் தொட மாட்டார். பெல் அடித்தால் அது கேட்டு வாங்கிய அழைப்பாகிவிடுமாம்.

பல் வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நர்ஸ், “நெக்ஸ்ட்” என்றார்.

“நெக்ஸ்டுன்னா கூப்புட்ட மாதிரிங்களா மாப்ள?” என்று வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கடைசியில் டாக்டரே எழுந்து வர வேண்டியதாயிற்று. என் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் என் மாமனார் போனில் பேசிக்கொண்டிருந்தார். லேத்து மாமா பார்த்தார், பொறுத்தார், யாரும் கூப்பிடாததால் சாப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கு என் மனைவி இன்றுவரை என்னைத்தான் திட்டுகிறாள்.

இப்படிப்பட்டவரை மலைமேல் உள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்கு வேனில் கூட்டிப்போனது என் தலையெழுத்து. வீதிக்காரர்கள் எல்லாரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தவன் நான். இருட்டுவதற்குள் வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டாவிட்டால் விடியும்வரை காட்டுக்குள்தான் என்று டிரைவர் புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

அம்பு, மூங்கில் குழல், தேனெடுக்கும் கொடி ஏணி எல்லாம் பார்த்தோம். கடைசியில் ஓர் இருளர் வீட்டையே கட்டி வைத்திருந்தார்கள். மண் பூசிய மூங்கில் தட்டி, உள்ளே அடுப்பு, அடுப்பருகே ஓர் அம்மா பொம்மை. திபுதிபுவென்று நுழைந்து செல்ஃபி எடுத்தோம். எதிர்வீட்டுக்காரர் உரல்மேல் உட்கார்ந்தே போஸ் கொடுத்தார். லேத்து மாமா மட்டும் வெளியே, கையில் ஒரு பையோடு.

“உள்ள வாங்க மாமா!”

“நீங்க கூப்புட்டா எப்புடிங்க மாப்ள? இது உங்க ஊடுங்களா?”

“இது மியூசியமுங்க. இங்க யாரும் குடியில்லீங்க!”

“குடியில்லாத ஊட்ல அடுப்பு எதுக்குங்க?”

வெளியே வேன் ஹாரன் அலறியது. “ஏனுங்க, செக்போஸ்ட்டச் சாத்திப்போடுவாங்க!” என்று டிரைவர் கத்தினார். சரி, வேனுக்காவது வாருங்கள் என்றேன்.

“ஊட்டு வாசல் வரைக்கும் வந்துபோட்டுத் திரும்புனா அவங்க மனசு சங்கடப்படாதுங்களா?”

உள்ளேயும் வர மாட்டார், வெளியேயும் போக மாட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சத்தம் கேட்டு அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்தார். கழுத்தில் அடையாள அட்டை.

“அம்மணி, இந்த ஊட்டுக்காரங்க யாருங்க?” என்று மாமா கேட்டார்.

அந்தப் பெண் உள்ளே கை காட்டினார். “எங்க ஊட்டப் பாத்துத்தானுங்க இதக் கட்டுனாங்க. அந்த மொறம், சொரக்குடுக்கை எல்லாம் எங்கம்மா பொழங்குனது. நான்தானுங்க ஊட்டுக்காரி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க.”

அடையாள அட்டையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், நிலைப்படியில் நின்றார்.

“வாங்க. உள்ள வாங்க.”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தார். பையிலிருந்து தேங்காய் பன் பொட்டலத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். “வெறுங்கையோட வரக்கூடாதுங்க. அம்மா சௌக்கியமுங்களா?”

“போன வருசம் தவறிட்டாங்க.”

“அட சாமி!” என்று மாமா தரையில் உட்கார்ந்து துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வெளியே ஹாரன் நிற்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் உரலைவிட்டு மெல்ல எழுந்தார். என் மனைவி என்னைக் கிள்ளினாள். “மொதல்ல வெளிய போயிச் செருப்பக் கழட்டுங்க.” எல்லாரும் வெளியே போய் வாசலில் நின்றோம். அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக எங்களையும் கூப்பிட்டார்.

செக்போஸ்ட்டில் கம்பத்தை இறக்கியிருந்தார்கள். காவலரிடம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை; ஒருவழியாகத் திறந்துவிட்டார். பின்சீட்டில் மாமா சுகமாகக் குறட்டை விட்டார். வீட்டருகே இறங்கும்போது, “நல்ல சனமுங்க மாப்ள. ஒரு நாளைக்கு நம்மூட்டுக்குக் கூப்புடோணும்” என்றார்.

இப்போது அவர் உடுமலைப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். நியாயமாக என் ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் செம்பருத்திச் செடிப் பக்கம் நிழல் தெரிந்தாலே, “வாங்க மாமா!” என்று கத்திவிடுகிறேன். பெரும்பாலும் கூரியர்காரர்தான் நிற்கிறார். கூப்பிட்ட பிறகு அவரை மட்டும் எப்படி வாசலோடு அனுப்புவது? காபி குடித்துவிட்டுத்தான் போகிறார்.