பல் வைத்தியர் தம் வண்டிக்கு நீர்க்காப்புச் செய்த படலம்

முப்பத்திரண்டு முத்துகளின் காவலன் வாழ்க! சொத்தைக்குக் கூற்றுவன், கூச்சத்துக்குக் கொடும்பகைவன், கடைவாய்க் கோட்டைகளைக் கடப்பாரையின்றிப் பெயர்த்தெடுத்த கைவலியன், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனையும் ஒரே சொல்லில் வாய்திறக்க வைக்கும் வன்மையன், வெள்ளங்கி வேந்தன், எங்கள் பல் வைத்தியப் பெருமான் நீடு வாழ்க! அவர்தம் இடுக்கி வாழ்க! அவ்விடுக்கிக்கு இரைதந்த தாடைகள் வலியின்றி வாழ்க! மண்ணில் எவரோடும் பகையின்றி வாழ்ந்த அப்பெருமான், மழைநீர் ஒன்றினை மட்டும் மாற்றானாய் வரித்து, அம்மாற்றான் நுழையக்கூடிய வாயிலையெல்லாம் வரிசையாய் அடைத்து, அதனால் எய்திய வெற்றியையும் அவ்வெற்றியால் எய்திய அவதியையும் பாடத் துணிந்தோம். நடுவில் மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள், வாக்கியங்கள் கொஞ்சம் நீளம்.

முதலில் அவருடைய புரவியைப் பாடாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளும், கோபித்தால் கிளம்பாது. தார்ச்சாலைக்கும் தோழன், மண்பாதைக்கும் மைந்தன் என்று, தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி விற்கப்பட்ட, நெடுங்காலும் நிமிர்கழுத்தும் கொண்ட இருசக்கர வேங்கை அது. அதன் இருக்கையோ வானளாவியது; பெருமானின் திருவடிகளோ அவ்வளவு நீளமில்லாதவை. ஏறி அமர்ந்தால் ஒரு திருவடி மண்ணைத் தொடும், மற்றது விண்ணில் தொங்கும். அதனால் அவர் எப்போதும் நடைபாதை ஓரமாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்.

இனி பெருமானின் துணைவியாகிய அம்மையார். இல்லத்தரசி என்று சொல்லி ஒப்பேற்றிவிட முடியாத பெருமாட்டி. தொழிலால் நில அளவையர். சாலை முடிந்து, தடம் முடிந்து, ஆடும் ஏறத் தயங்கும் சரிவுகளில் அளவுக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியோட்டிப் பழகிய சேற்றுநில வீராங்கனை. ஆண்டு முழுவதும் வேலைக்காகச் சேற்றில் புரள்வது போதாதென்று, கார்காலம் வந்ததும் அலுவலகத் தோழர்களையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, சேறு எங்கே மிகுதியோ அங்கே நான்கு நாள் ஆசைக்காக ஓட்டப் போவார். பட்டுப்புடவையைத் தடவிப் பார்ப்பவர் போல அவர் சேற்றைத் தொட்டுப் பார்ப்பார். சிலருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

சென்ற கார்காலத்தில் பெருமானும் அப்படையிற் சேர்ந்தார். அந்தோ! முழங்கால் அளவுமல்ல, கணுக்கால் அளவே ஓடிய ஓடையொன்றில், புரவி நீரைக் குடித்து, விக்கி, இருமி, முதல்நாள் முற்பகலிலேயே நின்றது. தள்ளினார்கள், துடைத்தார்கள், காய வைத்தார்கள், கெஞ்சினார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. முடிவில், யாரோ வீடு மாற்றிக்கொண்டு போன லாரியொன்றில் புரவியை ஏற்றி, அதே லாரியில் இருந்த சோபாவில், ஒருபுறம் பீரோவும் மறுபுறம் வாஷிங் மெஷினும் மெய்க்காவல் நிற்க, ஹெல்மெட் கழற்றாத கோலத்தில் பெருமான் ஊர் திரும்பினார். அன்றே மைத்துனன் அவருக்கு ‘பார்சல்’ என்று பட்டம் சூட்டிவிட்டான்.

பட்டம் அவரை வருத்தவில்லை. பிறர் வாய்க்குள் விரல்விட்டுப் பிழைப்பவர், கடி அவருக்குப் புதிதல்ல. வருத்தியது வேறொன்று. அன்று ஓடை வரும்வரை அவர் படையின் கடைசியில் வந்தார். முன்னே சென்ற அம்மையாரோ, ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பள்ளத்திலும், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே போனார். சேற்றைக் கண்டால் கூவிச் சிரிக்கும் மனுஷி, அன்று ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பிறகு தம் நான்கு நாளையும் தூக்கிப் போட்டுவிட்டு, லாரிக்குப் பின்னாலேயே வண்டியோட்டி வீடு வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை குறை சொன்னாரா என்றால் இல்லை. சொல்லியிருந்தால் பெருமானுக்கு மனசு ஆறியிருக்கும்.

ஆகவே இவ்வாண்டு படை புறப்படுமுன், சாப்பாட்டு மேசையில், கை அலம்பாத நிலையில், பெருமான் எழுந்து நின்று, அம்மையாரைத் தவிர எவருமில்லா அவையை ஒருமுறை சுற்றி நோக்கி, வஞ்சினம் உரைத்தார்.

“இந்தத் தடவை நீ திரும்பியே பாக்கக் கூடாது. என் வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. நீ உன் பாட்டுக்குப் போகணும். சத்தியம் பண்ணு.”

 அம்மையார், திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, மழைக்கோட்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

விடுமுறை நாளொன்றில் மருத்துவமனையின் கதவு சாத்தப்பட்டது. பின்புறத்துத் தகரக் கொட்டகை பாசறையாயிற்று. பல்லாளும் வேந்தன் பல்லுள்ள டயரையே தேர்ந்தான் என்பதில் வியப்பென்ன? சேற்றைக் கவ்விப் பிடிக்கும் கட்டைப் பற்கள் வரிசை வரிசையாய் முளைத்த அக்கரும்பூதத்தைச் சக்கரத்தில் ஏற்றுவான் வேண்டி, இருமுனை இரும்பு நெம்புகோல்களை இருகையிலும் ஏந்தி, சோப்புநீர் தெளித்து, முழங்காலால் மிதித்து, ஒருபக்கம் ஏற்ற மறுபக்கம் வழுக்கி வெளிவர, மறுபக்கம் ஏற்ற முதற்பக்கம் பல்லிளிக்க, உள்ளிருந்த டியூப் இடையில் சிக்கிக் கிழிய, கிழிந்ததை ஒட்ட, ஒட்டியது மீண்டும் கிழிய, மல்லர் இருவர் கட்டிப் புரள்வதுபோல் டயரும் டாக்டரும் கொட்டகையின் நான்கு மூலைகளிலும் புரண்டு, பொழுது சாயும் வேளையில் டயர் தோற்றது. மறுநாள் நோயாளி ஒருவருக்குக் கைகொடுக்கக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

அத்தோடு அமைந்தாரா? அமையவில்லை. களிமண் அப்பிச் சக்கரத்தைப் பிடித்துவிடாதபடி முன்மட்கார்டை உயரத் தூக்கிக் கட்டினார். செயினுக்கு எண்ணெய்க்குளியல் நடத்தினார். கடைவாய்ப் பல்லின் முதுகுப்புறத்தைக் காட்டும் காம்புநீண்ட சிறுகண்ணாடியை இருக்கைக்கு அடியில் செலுத்தி, நெற்றிவிளக்கு எரிய, எந்த ஒயர் எந்த ஒயரோடு எங்கே கூடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கூடும் இடமெல்லாம் கிரீஸ் பூசினார். “லேசா வலிக்கும், பொறுத்துக்கங்க” என்று அவர் வண்டியிடம் சொன்னதைப் பக்கத்துக் கட்டடக் காவலாளி கேட்டிருக்கிறார்.

இதுவரை செய்தது எல்லாம் சரி. இங்கே நிறுத்தியிருந்தால் நாம் இந்தப் படலத்தைப் பாட வேண்டிய அவசியமே இல்லை.

கேளுங்கள் அக்கொடுமையை! பல் அச்சு எடுப்பதற்கென்று வைத்தியர்கள் பிசையும் பசை ஒன்றுண்டு. பிசையும்போது மாவு, சிறிது நேரத்தில் ரப்பர், நீருக்கும் எச்சிலுக்கும் அசைந்து கொடாதது. அதனைக் கைநிறையப் பிசைந்து, புரவியின் உடலில் துளையென்று எதைக் கண்டாலும் ஈறில் குழி கண்டவர்போல் பாய்ந்து அடைத்துக்கொண்டே வந்த பெருமானின் விழிகள், பெட்ரோல் டாங்க் மூடியின் உச்சியில், யாரையும் தொந்தரவு செய்யாமல், சிவனே என்று இருந்த ஒரு சின்னஞ்சிறு துளையைக் கண்டன. ஐயகோ பெருமானே, அது நீர் புக வைத்த வாயிலன்று, வண்டி மூச்சுவிடும் மூக்கு! பெட்ரோல் கீழே இறங்க இறங்க, இறங்கிய இடத்தில் காற்றுப் புகவேண்டும். புகாவிட்டால் பெட்ரோல் உள்ளேயே நின்றுவிடும். டாங்க் நிறைய இருந்தும் இஞ்சினுக்குச் சொட்டுக் கிடைக்காது. மூக்கை அடைத்துவிட்டு வாயையும் மூடச் சொன்னால் எந்த நோயாளி சும்மா இருப்பான்? வாகனம் ஊமை, சும்மா இருந்தது. பெருமான் அந்தத் துளையை அழுத்தி அடைத்து, கட்டைவிரலால் வழித்து, ஓரத்தை அழகாகச் சீவியும் விட்டார்.

எஞ்சிய பசையைக் கொண்டு பயணப்பையையும் காத்தார். கைப்பேசி ஒரு பைக்குள், அப்பை ஒரு பைக்குள், அதுவும் ஒரு பைக்குள், அதன் வாயில் ஒரு சுற்றுப் பசை.

விடிந்தது புறப்பாட்டு நாள். முந்தின நாள் பெய்த மழை ஊர்ப்புறத்துத் தோண்டிப் போட்ட சாலையைக் குட்டைகளின் கொலுமண்டபமாய் ஆக்கி வைத்திருந்தது. டாங்க் முட்ட முட்டப் பெட்ரோல் நிரப்பி, மூடியை இறுக்கி, படையின் கடைசியில் பெருமான் வந்தார். முதற்குட்டை எதிர்ப்பட்டது. சென்ற ஆண்டின் ஓடை அவர் நினைவில் ஒருமுறை ஓடி மறைந்தது. வருக பகையே என்று அவர் பல்லைக் கடித்து, கைப்பிடியை முறுக்கி, இருதிருவடிகளையும் ஒருசேர வானுக்கு உயர்த்தி, செந்நீர் இருமருங்கும் சுவரென எழ, அலறிக்கொண்டு பாய்ந்தார். புரவி இருமவில்லை! விக்கவில்லை! இரண்டாங்குட்டையும் வீழ்ந்தது, மூன்றாங்குட்டையும் முறிந்தது. ‘பார்சல்’ என்று கூவக் காத்திருந்த மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆயினும் பெருமானின் கண் மைத்துனன் மேல் இல்லை. படைக்கு முன்னே செல்லும் முதுகின்மேல் இருந்தது. அம்முதுகு திரும்பவில்லை. கழுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மிதிகட்டைகள் மேல் எழுந்து நின்று, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, அம்மையார் வாய்விட்டுச் சிரிப்பது இஞ்சின்களின் இரைச்சலையும் மீறிக் கடைசி வண்டிவரை கேட்டது. பெருமானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் வழியில்லை.

குட்டைகள் முடிந்தன. சேறு முடிந்தது. மேகம் விலகி, வெயில் ஏறி, தூசி பறக்கும் தார்ச்சாலை நேர்கோடாய் நீண்டது. ஒரு சொட்டு நீரில்லாத அந்த உலர்நிலத்தில், பூட்டிக் கிடந்த ஒரு மெத்தைக் கடைக்கு முன்னால், நீரை வென்ற வேங்கை, ஒருமுறை விம்மி, ஒருமுறை விதிர்த்து, மூச்சடைத்து நின்றது. முன்னே சென்ற வண்டிகள் ஒவ்வொன்றாய் வளைவில் மறைந்தன. அம்மையாரும் மறைந்தார். திரும்பவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

நடைபாதை எட்டாத இடம் அது. ஒற்றைத் திருவடியில் நின்றபடி பெருமான் வண்டியை ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் தளும்பியது. ஸ்டார்டரை அழுத்தினார், கிளம்பவில்லை. சற்றுப் பொறுத்து அழுத்தினார், கிளம்பியது! பாய்ந்தார். மெத்தைக் கடையிலிருந்து அடுத்திருந்த பெயின்ட் கடைவரை பாய்ந்து நின்றார். மீண்டும் பொறுத்தார், மீண்டும் பாய்ந்து, பெயின்ட் கடையிலிருந்து ஒரு வீட்டு வாசலை அடைந்தார். அவ்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், நுரை வழிய, பெட்ரோல் இருக்கிறதா என்று விசாரித்தார். அவர் பிரஷ்ஷைக் குறுக்கே இழுத்து இழுத்துத் தேய்த்தது எனாமலுக்குக் கேடு. அதைச் சொல்லும் நிலையில் பெருமான் இல்லை.

இனி ஒரே வழி. கைப்பேசியை எடுத்து, திரும்பிப் பார்க்காதே என்று தானே சத்தியம் வாங்கிய அம்மையாரிடம், திரும்பி வா என்று தானே சொல்வது. பெருமான் சாலையோரம் மண்டியிட்டுப் பையைப் பிரிக்கலானார். தான் எழுப்பிய கோட்டையைத் தானே முற்றுகையிட்டார். நகத்தால் கீறினார், சாவியால் குத்தினார், ஊரார் பற்களைப் பிடுங்கிய கைகளால் பிடித்திழுத்தார். பசை தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. இன்னொரு வருஷமும் அவளுக்குப் பாழ், என்னால்தான் பாழ் என்று தன்னையே நொந்தபடி பல்லாலும் கடித்துப் பார்த்தார். அழாத குறை.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. அம்மையார் ஓரமாய் நிறுத்தி, இறங்கி, நின்று நின்று கிளம்புகிறதா என்று மட்டும் கேட்டார். பெருமான் தலையசைத்தார். அம்மையார் டாங்க் மூடியைத் திருகினார். நெடுநேரம் நீருக்கடியில் கிடந்தவன் வெளியே வந்ததுபோல் வண்டி ‘உஸ்ஸ்’ என்று பெருமூச்செறிந்தது. அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார், துளையைப் பார்த்தார், அதில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகையையும் பார்த்தார்.

“திரும்பிப் பாக்க மாட்டேன்னு சொன்னியே” என்றார் பெருமான், தரையைப் பார்த்து.

“திரும்பவே இல்லையே. வண்டிக் கண்ணாடியிலதான் பாத்துக்கிட்டு வந்தேன். ஆளைக் காணோம்னதும் வந்துட்டேன்.”

 அப்படியானால் வழியெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

“அப்ப, அங்க குட்டையில அவ்வளவு சிரிச்சது?”

“ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு வந்தீங்கல்ல,” என்றார் அம்மையார், மறுபடி சிரிப்பு வந்துவிட, “அதைப் பாத்துத்தான்.”

எண்டிசை மாந்தரே, கேளுங்கள்! நீரை வென்றவன், டயரை வென்றவன், தன் பையிடம் தோற்றவன், தன் துணைவியின் கண்ணாடிக்குள் வழிநெடுகத் திருவடி தூக்கிப் பறந்தவன், அவள் சிரிப்புக்குத் தடையாய் இருந்ததாய் ஓராண்டு புழுங்கி இன்று அச்சிரிப்பின் காரணமே தானென்று கண்டவன், வெள்ளங்கி வேந்தன், பல் வைத்தியப் பெருமான், இமையோர் பூமாரி பொழியவும், எண்டிசை யானைகள் பிளிறவும், பல்தேய்ப்பவர் நுரையோடு வாய்பிளந்து நோக்கவும், எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

ஊக்கால் குத்தி அடைப்பை எடுத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.