ஓய்வுநாளில் ஏழு சேலைகள்

வெயில் காணாத துணி வீட்டுக்கு நோயைக் கொண்டுவரும் என்று எங்கள் குடும்பம் அந்நாட்களில் உறுதியாக நம்பியது. கடவுளைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் இருந்தன. தலையணையைப் பற்றி ஒரே கருத்துத்தான். ஆகவே, ஸ்கொட்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் டொக்டராக இருந்த அக்கா, "இங்கே ஒரு மாதமாக மழை. எனக்கும் ஒரு மாதமாக இருமல்" என்று எழுதியபோது, யாழ்ப்பாணத்திலிருந்த அம்மா அந்த இரண்டு வசனங்களையும் ஒன்றாக முடிந்து நோயைக் கண்டுபிடித்துவிட்டார். மருத்துவம் படித்தவர் அக்கா. தீர்ப்புச் சொன்னவர் அம்மா.

தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் மெல்பேணுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அக்காவிடம் போய்வரப் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். அம்மாவின் நீலநிற வான்கடிதம் வந்தது.

"கொக்காவிட்டைப் போறீங்கள்தானே. (கொக்கா என்றால் உன்னுடைய அக்கா, எங்கள் ஊருக்குச் சொற்களிலும் சிக்கனம்.) ஆடி மாதம் அங்க கோடையாம். போன உடன அவளின்ர மெத்தை, தலையணை, சீலை எல்லாத்தையும் ஒரு நாள் முழுக்க வெயிலில போட்டு எடு. கதை பேச்செல்லாம் பிறகு."

இந்தப் பணிக்கு என்னிலும் தகுதியானவர் பூமியில் இல்லை என்று நான் கருதினேன். ஒரே நாளில் நான்கு பருவமும் வந்துபோகும் மெல்பேணில், பின்வளவில் குடைபோலச் சுழலும் துணிக்கொடியோடு மூன்று வருடம் போராடி வென்றவள் நான். மேகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் இருபது நிமிசம்" என்று அறிவிப்பேன். (பெரும்பாலும் பிழையாகிப்போகும். ஆனால் அறிவிக்கும் தோரணையில் ஒருநாளும் பிழை இருந்ததில்லை.)

பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா கம்பளிக் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் அணிந்து, குடையை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார்.

"கோடை எங்கையக்கா?" என்றேன்.

"இதுதானடி. நல்ல நாளாப் பார்த்துத்தான் வந்திருக்கிறாய்."

என் கணவர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குனிந்து தம் கால்விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பத்து நாட்கள் வெயிலைக் காணவில்லை. அந்த ஊர் மழை நம் ஊர் மழைபோல வந்து, முழங்கி, பெய்து, போய்விடுவதல்ல. அது குடியிருப்பது. வானத்திலிருந்து விழாமல் ஆளின் உயரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அக்கா எங்களை ஏரிக்கரைக்குக் காரில் அழைத்துப்போனார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடியில் மீன் சான்ட்விச்சை வைத்துக்கொண்டு, எங்கள் மூச்சினாலேயே மங்கிப்போன கண்ணாடி வழியாகப் பனிப்புகாரை நோக்கி அமர்ந்திருந்தோம். இருபுறமும் உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் கார்களில் அதே கோலத்தில் விடுமுறையை அனுபவித்துக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கம் ஒரு பெரிய மலை இருக்கு" என்று அக்கா விரலை நீட்டினார்.

"மச்சாள் சொன்னால் இருக்கும்தான்" என்றார் என் கணவர்.

அந்த ஊரில் அக்காவின் நிலை அப்போது கயிற்றில் நடப்பதுபோல இருந்தது. பழைய டொக்டர் ஓய்வுபெற்றபின் ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர் அவர். முதல் மாதங்களில், இந்தக் கறுத்தப் பெண்ணிடம் காட்ட மனமில்லாமல் சனங்கள் மலையைக் கடந்து அடுத்த ஊர் டொக்டரிடம் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக, வேறு வழியில்லாமலோ விருப்பத்துடனோ, கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அந்த வேலையை நிரந்தரமாக அவருக்கே கொடுப்பதா என்பதை வரும் வியாழக்கிழமை ஒரு கமிட்டி முடிவுசெய்ய இருந்தது. தேவாலயத்தின் மூப்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அந்தக் கமிட்டி ஒரு கதிரையைக்கூட நகர்த்தாது. மூப்பர்களில் முதல்வரான மிஸ்டர் மக்ரே, அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருந்தார். செம்மறிப் பண்ணைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சு மட்டும் ஓரங்குலம்.

"ஞாயிற்றுக்கிழமை எண்டால் இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம்" என்று நாங்கள் வந்த அன்றே அக்கா சொல்லியிருந்தார். அதை நான் ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. சோம்பலைப் பற்றிய வர்ணனை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் ஞாயிறு. காலையிலேயே மலைமேல் ஒரு பண்ணைவீட்டில் பிரசவம் என்று அக்காவைக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் திரைச்சீலையை விலக்கினேன். வெயில்! கழுவித் துடைத்த வெயில். ஏரிக்கு அப்பால் உண்மையிலேயே ஒரு மலை நின்றது.

அடுத்த அரை மணித்தியாலத்தில் அந்த வீட்டில் துணி என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் உள்ளே இருக்கவில்லை. பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த அக்காவின் நான்கு சேலைகள், என்னுடைய மூன்று. அந்த மூன்றில் ஒன்று என் கூறைச்சேலை. கல்யாணத்துக்கு அக்கா வரமுடியாமல் போனதால், காட்டவென்று மெல்பேணிலிருந்து கொண்டுவந்தது. அதன்பின் போர்வைகள், தலையணைகள், கணவர் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட சாரம். கல்மதிலின்மேல் இரண்டு மெத்தைகள்.

மெத்தையின் மறுமுனையைப் பிடித்திருந்த கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இஞ்சாரும், ஒரு வீட்டிலயும் ஒரு துணி காயேல்லை. என்னவோ மாதிரிக் கிடக்கு."

"சோம்பேறியள். பத்து நாளைக்குப் பிறகு வந்த வெயிலை வீணாக்கினமே! நீங்கள் தூக்குங்கோ."

நண்பகலில் தேவாலயம் விட்டது. கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக ஊர் முழுவதும் வீதியில் ஏறிவந்தது. எங்கள் மதிலுக்கு நேரே வந்ததும் முன்வரிசை நின்றது. பின்வரிசை முன்வரிசையில் இடித்துக்கொண்டு நின்றது. காற்றில் ஏழு சேலைகளும் ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை, சிவப்பு என்று படபடத்தன. அவர்கள் பட்டின் அழகில் மயங்கி நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன். (ஆம், அப்படித்தான் நினைத்தேன்.) கையசைத்தேன். போதாதற்கு, கூறையின் முந்தானை அவர்கள் பக்கம் தெரியும்படி இழுத்தும் விட்டேன்.

மிஸ்டர் மக்ரே மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மதிலருகே வந்தார்.

"இன்று ஓய்வுநாள், அம்மணி."

"ஆமாம். அருமையான வெயில்."

"ஓய்வுநாளில் இங்கே யாரும் துணி காயப்போடுவதில்லை. எடுத்துவிடுவது நல்லது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் அறியாதவளும் அல்ல. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, சைவப்பிள்ளையாக இருந்துகொண்டே வேதபாடத்தில் முதற்பரிசு வாங்கியவள். ஓய்வுநாளைப் பற்றி உறக்கத்திலும் ஒப்புவிப்பேன். ஆனால் அதே பள்ளிக்கூடப் போதகரின் மனைவி ஞாயிறு மத்தியானம் முற்றத்தில் மிளகாய் காயவைத்ததையும் கண்ணால் கண்டு வளர்ந்தவள். பரீட்சைக்குப் படித்ததை யாராவது கொடிக்கயிறு வரைக்கும் கொண்டுபோவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நல்ல விருந்தாளி அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்கு வயது இருபத்தெட்டு. பத்து நாள் மழையில் ஊறியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் கட்டளை நின்றது.

"துணி காயப்போடுவது வேலையா?" என்று கேட்டேன்.

"வேலைதான்."

"அப்படியென்றால் கொடியிலிருந்து எடுப்பது?"

அவர் தொப்பிக்குள் பார்த்தார். பதில் அங்கே இருக்கவில்லைபோலும். "அதுவும் வேலைதான்" என்றார்.

"அப்படியானால் திங்கட்கிழமை எடுக்கிறேன்" என்றேன். சொன்னதோடு நில்லாமல், குசினிக்குள்ளிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வீதியைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தும் விட்டேன். ஊர் என்னைக் கடந்து வீட்டுக்குப் போயிற்று.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர்.

மூன்று மணிக்கு மழை வந்தது. இந்தமுறை தொங்கவில்லை, நம் ஊர்போலக் கொட்டியது. கணவர் வாசலுக்கு ஓடினார்.

"தொடாதேங்கோ! இண்டைக்கு எடுக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"முன்வீட்டு அந்தாள் உள்ளுக்கு இருக்கிறார். பார்க்கமாட்டாரப்பா."

"நான் பார்ப்பன்."

ஜன்னலருகே நின்று பார்த்தேன். மெத்தைகள் தண்ணீரைக் குடித்துப் பருத்தன. கூறையின் சிவப்பு, பக்கத்துப் போர்வையில் வழிந்தது. ஓடிப்போய் அள்ளிவிடக் கைகள் துடித்தன. அவற்றை அடக்க இரண்டையும் சேர்த்து நெஞ்சோடு இறுக்கிக் கோத்துக்கொண்டேன். வாயை அடக்கத்தான் முடியவில்லை. "கண்டறியாத ஊர், கண்டறியாத மழை, கண்டறியாத சட்டம்" என்று தொடங்கி, ஒரு பட்டதாரிப் பெண் அறிந்திருக்கக் கூடாத வசைகள் வரை ஒவ்வொன்றாக முணுமுணுத்தபடி கண்ணீருடன் நின்றேன். எதிர்வீடுகளின் திரைச்சீலைகள் அசைந்ததைக் கண்டேன். கண்டதும் வசை கூடியது.

ஐந்து மணிக்கு அக்கா களைத்து வந்தார். வாசலிலேயே நின்று கொடியைப் பார்த்தார். கணவர் நடந்ததைச் சொன்னார். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நீ வாற கிழமை பிளேன் ஏறிப் போயிடுவாய். நான் இஞ்ச இருக்கோணும். இந்தச் சனம் என்னை நம்பிக் கையை நீட்ட எத்தனை மாதம் எடுத்தது தெரியுமோ உனக்கு?"

மெத்தையில்லாத வீட்டில் மூவரும் கோட்டுகளைப் போர்த்துக்கொண்டு கதிரைகளில் கிடந்தோம்.

திங்கள் காலை சேலைகளைப் பிழிந்து எடுத்தேன். ஒன்பது மணிக்கு அக்கா வீட்டோடு இருந்த தன் கிளினிக் அறையின் கதவைத் திறந்து வைத்தார். பத்து மணி வரை ஒருவரும் வரவில்லை. பதினொன்று. ஒருவரும் இல்லை. அக்கா மேசையில் பென்சிலை நேராக வைத்தார். பிறகு குறுக்காக வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்கமுடியவில்லை. வீதியைக் கடந்து மிஸ்டர் மக்ரேயின் கதவைத் தட்டினேன். சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் கோவைப்படுத்தி வைத்திருந்தேன்: துணிக்காக நான் வருந்தவில்லை, ஆனால் அக்காவுக்கு இதில் பங்கில்லை, கோபத்தை என்மேல் வையுங்கள்.

அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். முதல் வசனத்துக்கே விடவில்லை.

"நேற்று மூன்று மணிக்கு மழை வந்தது."

"தெரியும்."

"அது பட்டு என்று என் மனைவி சொல்கிறாள்."

"பட்டுத்தான். சிவப்பு என் திருமணச் சேலை."

அவர் திரும்பி, அடுப்பருகே நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்த தேநீர்க் கேத்தலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மழை கண்டால் ஓய்வுநாளில் வைக்கோலை அள்ள ஓடியவர்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர்களில் இருக்கிறார்கள்" என்றார் மிஸ்டர் மக்ரே. "நீங்கள் ஓடவில்லை. அறியாமல் செய்த பிழையை அறிந்தபின் சுமந்தீர்கள். ஜன்னலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தீர்கள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்."

நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. அப்போது ஜன்னலூடாக, எதிரே, ஆளில்லாத கிளினிக்கின் திறந்த கதவு தெரிந்தது. வாழ்க்கையில் முதற்தடவையாக, திறந்த வாயை ஒன்றும் சொல்லாமல் மூடினேன். வருந்தாத ஒன்றுக்காக மன்னிக்கப்படுவதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. அந்த எரிச்சலோடு அவர்களுடைய தேநீரையும் குடித்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மிஸ்டர் மக்ரே, வலிக்காத முதுகு ஒன்றைக் காட்டவென்று அக்காவின் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார். மூன்று மணிக்குக் கதிரைகள் போதவில்லை. நடந்ததை நான் மாலையில் சொன்னபோது அக்கா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வாயைத் திறந்தியோ, கொன்றுபோடுவன்" என்றார். வியாழக்கிழமை வேலை அவருக்கே நிரந்தரமாயிற்று. ஓய்வுபெறும் வரை அவர்தான் அந்த மலைகளுக்கெல்லாம் டொக்டர்.

அதன்பின் நான் அங்கே போன ஒவ்வொரு முறையும் என்னைத் தேவாலயத்தின் முன்வரிசையில் இருத்தினார்கள். ஊர்ப்பிள்ளைகளுக்கு என்னைக் காட்டிக் கதை சொன்னார்கள். அக்காவின் பொருட்டு அத்தனை வருடமும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஓய்வுபெற்றுவிட்ட அக்காவுக்கு இனி யாரும் வேலை கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஆகவே எழுதிவைக்கிறேன்: அது பக்தியல்ல, பிடிவாதம். அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. அந்த மனிதரைப் பற்றி ஒன்றுமட்டும் சேர்த்துச் சொல்வேன். "எடுப்பது வேலையல்ல" என்று ஒரு சின்னப் பொய்யை அவர் சொல்லியிருந்தால் வாதத்தில் வென்றிருப்பார். தோற்போம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னார். அப்படித் தோற்க எனக்கு இன்னும் வரவில்லை.

மெல்பேணில் எங்கள் வீட்டில் நான் எதற்காவது அசையமறுத்து நின்றால், "விடுங்கோ, அம்மா ஜெபம் பண்ணுறா" என்பான் மகன். பேரப்பிள்ளைகள் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். நான் அசைவதில்லை.

மிஸ்டர் மக்ரேயும் மனைவியும் இப்போது இல்லை. அம்மா இல்லை. என் கணவர் போய் நான்கு வருடமாகிறது. அக்கா அந்த மலைக்கிராமத்திலேயே இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன்.