அருள்ஜோதி நகர் நிலக்கரிச் சுரங்கம்

அரசாங்கத்துக்கு மனு எழுதுவது ஒரு கலை. முப்பத்தொரு வருடமாக அதைச் செய்து வருகிறேன். என் மனு ஒன்றுகூடப் பலித்ததில்லை. ஆனால் ஒன்றில்கூடப் பிழை இருந்ததில்லை.

போன ஆவணியில் செல்வமேரிக்காக எழுதியதும் அந்த ரகம்தான். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் அருள்ஜோதி நகர். அதன் மூன்றாவது குறுக்குத் தெருவில் கடைசி வீடு அவளுடையது. முன்னறையில் தையல் கடை. வீடு கட்டியபோது மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போடுவது நம் ஊர் மரபாதலால், இப்போது மூன்று படி இறங்கிப் போக வேண்டும். மழை வந்தால் தெருத் தண்ணீர் அவளுக்கு முன்பே இறங்கிவிடும். முந்தின மழையில் ஒரு மோட்டார் மிஷின் போயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று.

"ஐப்பசிக்குள்ள ஒரு கால்வா வெட்டிட்டா போதும்ணா. இதுவும் போச்சுன்னா கடைய மூடிக்கினு போவவேண்டியதுதான்," என்றாள்.

'கால்வாய் வேண்டும்' என்று இரண்டு சொல்லில் எழுதியிருக்கலாம். என் கை அதற்குப் பழகவில்லை. 'ஐயா, எங்கள் தெரு ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் போல் பிளந்து கிடக்கிறது' என்று ஆரம்பித்தேன்.

அலுவலகத்தில் மனுவை முதல் வரிக்கு மேல் படிக்கும் வழக்கம் இல்லை. பத்தாம் நாள் மஞ்சள் தொப்பி, முழங்கால் பூட்ஸ், பதினான்கு பக்கப் படிவம் சகிதமாகச் சுரங்க ஆய்வாளர் சாம்பசிவன் வந்து இறங்கினார்.

"சார், இது தெரு," என்றேன்.

"மனு எழுதினது யாரு?"

"நான்தான்."

"சுரங்கம் இல்லேன்னா அது பொய்ப் புகார். உங்க மேல கேஸ் வரும். இப்ப சொல்லுங்க, இது என்ன?"

போராட்டங்களில் எத்தனையோ லத்தியைப் பார்த்தவன் நான். இருந்தாலும் என் எழுத்தைப் பொய் என்று நானே எப்படிச் சொல்வேன்? அவர் படிவத்தைப் பிரித்தார்.

முதலில் பாதை. "சுரங்கப் பாதையில வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது," என்று படித்தார். அந்நேரம் தண்ணீர் கேன் ஏற்றிய ஆட்டோ ஒன்று ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. முழு மதிப்பெண். "தூசி பறக்காம எப்பவும் ஈரமா இருக்கணும்." எட்டு மாதமாக உடைந்திருக்கும் குடிநீர்க் குழாய் அப்பணியைச் செவ்வனே ஆற்றி வந்தது. முழு மதிப்பெண்.

அடுத்து வடிகால். "சுரங்கத் தண்ணி வெளியே போயிடக் கூடாது. இங்கேர்ந்து எங்கம்மா போகுது?"

"எங்கயும் போவாது சார். கால்வா இருந்தாத்தானே போவும்!" என்றாள் செல்வமேரி.

"ஒரு சொட்டுகூடவா?" ஆய்வாளர் குரல் தழுதழுத்தது. "பெரிய பெரிய கம்பெனியாலயே முடியலம்மா இது."

கடைசியில் படிவுக் குட்டை. சுரங்கத்து மழைநீரை நிறுத்திவைத்துச் சேற்றை அடியில் தங்கவிடும் குட்டை அது.

"குட்டை எங்கே?"

"இன்னாது?"

"சேறு தங்குற இடம்மா."

"அதுவா? என் வூடுதான்."

மூன்று படி இறங்கினார். சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை டேப் வைத்து அளந்தார். "எத்தனை நாள் நிக்கும்?"

"ஒம்போது நாளு. சேறு முட்டி வரிக்கும்."

"டைல்ஸ் தரை, கிரில் கேட், டியூப் லைட்" என்று பரவசமாக எழுதிக்கொண்டார். "ஒரே குறை. குட்டைக்குள்ள தையல் மிஷின் இருக்கக் கூடாது. ரெண்டு மார்க் குறைக்கிறேன்."

"சார், நிலக்கரி?" என்றேன், பொறுக்க முடியாமல்.

"நிலக்கரி எடுக்கறதாலதான் சார் சுரங்கத்துக்குக் கெட்ட பேரே வருது."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. முன்மாதிரிச் சுரங்கம் என்று விருதும் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் நாற்பது வீட்டுக்கும் மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்தார். தொப்பி போட்டு செல்ஃபி எடுக்காத ஆள் தெருவில் இல்லை. முனையில் கட்டும் அடுக்குமாடிக்காரர், குட்டை பார்த்த ஃபிளாட்டுக்குத் தனி விலை என்று போர்டு வைத்தார்.

"செல்வமேரி, ப்ளீஸ். கால்வாய் மேட்டரை இப்ப எடுக்காதீங்க. அவார்டு வந்திருக்கு, குட்டையை டிஸ்டர்ப் பண்ணக் கூடாது," என்றார் ஷ்யாம்சுந்தர்.

"நீ வந்து ஒரு நாள் அதுல படு சார், அப்பறம் பேசலாம்," என்றாள் அவள்.

விழாவுக்கு நானும் போனேன். எதிர்த்து முழங்கத்தான் போனேன். மேடையில் சுரங்கத்தைக் கண்டறிந்தவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். பொன்னாடைக்குள்ளிருந்து முழக்கம் வராது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

செல்வமேரி அதற்குமேல் என்னை நம்பவில்லை. 'வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. கால்வாய் வேண்டும்' என்று தானே எழுதிப் போட்டாள். மூன்றாம் நாளே பதில் வந்தது, நாற்பது வீட்டுக்கும் ஒவ்வொரு நகலாக.

'கால்வாய் வசதி குடியிருப்புகளுக்கு மட்டுமே உரியது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் விருது பெற்ற சுரங்கம் சிறப்பாக இயங்கி வருகிறது. அதனுள் அனுமதியின்றி வசிப்போர் பதினைந்து நாட்களுக்குள் காலி செய்யவும்.'

தெருவே செல்வமேரியின் கடை வாசலில் கூடிவிட்டது. ஷ்யாம்சுந்தர் தலையில் இன்னும் அந்தத் தொப்பி இருந்தது. "சார், நீங்கதான் எழுதணும். உங்க ஸ்டைல்ல, நல்லா காரமா!"

வானம் இருட்டி, முதல் தூறல் விழுந்தது. செல்வமேரி மிஷினை மேஜை மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது குடும்பம் பார்த்திருக்க, பேனாவைத் திறந்தேன். முப்பத்தொரு வருடப் பயிற்சி கையில் துடித்தது.

'ஐயா, நாங்கள் வளைக்குள் தண்ணீர் புகுந்த எலிகளைப் போல...'

செல்வமேரி மிஷினை விட்டுவிட்டு ஓடி வந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"எலின்னு எழுதாதண்ணா. மருந்து வெக்கிறவன் வந்துருவான்."