மூன்று அம்மன்களும் ஒரு சமையலறையும்

அந்த ஆடியில் வீராம்பட்டினம் அம்மன் ஒருத்தியாகத்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். முந்தின ஆடியில் மூன்று பேராக வந்தாள். தப்பு அவள்மேல் இல்லை. இருட்டிய பிறகு வீதி உலா, தீவட்டி வெளிச்சம், என் செல்போன், என் கை. நான்கும் சேர்ந்து ஆடிவிட்டன.

அந்தப் படத்தைப் பார்த்து என் மனைவி தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மூணு பேரயும் கும்பிட்டுக்கிறேன்."

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அது ஒரு காரியத்துக்குத்தான் காணும். எனக்கு, இருட்டிலும் கையில் பிடித்தபடியே எடுக்கிற சின்ன கேமரா. அவளுக்கு, சமையலறையில் ஒரு ஜன்னல். ஜன்னல் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்: "வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்?"

கருவடிக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பக்கிரி இரண்டு சின்ன கேமராக்களை இரவல் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"இது தூரத்துல இருக்கிறத கிட்ட இழுக்கும். ஆனா இருட்டுல ஒண்ணுத்துக்கும் ஆவாது. இதுல ஜூம் கம்மி. ஆனா லென்ஸுக்கு வாய் பெருசு. வாய் பெருசா இருந்தாத்தான் வெளிச்சம் நிறைய உள்ள போவும். கை ஆடுனாலும் தாங்கிக்கும்."

"பெரிய வாய் ஒண்ணு வீட்டுலயே இருக்குதே. இன்னொண்ணு எதுக்கு?"

"எடுத்துக் காட்டுறேன். அப்புறம் பேசு."

"பட்டப்பகல்ல இருட்டுக்கு எங்க போவீங்க?"

"ஏன், நம்ம சமையலறை இருக்கே."

அவள் உடனே பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியைக் கூப்பிட்டாள். "வாங்கக்கா, இவரு ஏதோ வித்தை காட்டுறாராம்."

தையல்நாயகி அடுப்படியில் நின்றாள்.

"லைட்டு போடட்டுமா?"

"போடாத. காரியமே கெட்டுடும்."

முதலில் செல்போன். கறுப்புக்குள் கறுப்பு. அடுத்து ஜூம் கேமரா. மூன்று தையல்நாயகி. எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியாகப் பெரிய வாய். ஒரே தையல்நாயகி. மூக்குத்தி தெரிந்தது. உப்பு ஜாடி தெரிந்தது. சுவரில் ஏறிய கரியும், அதன்மேல் உட்கார்ந்திருந்த பல்லியும் தெரிந்தன.

"பாத்தியா? இந்த இருட்டுலயே இப்படி விழுதுன்னா!"

"எந்த இருட்டுல?"

"இதோ, இந்த இருட்டுலதான். கெணத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. நீ எங்க நிக்கிறன்னே எனக்குத் தெரியல."

"அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன் தையலு. கெணறுன்னாரு."

"பக்கிரியே வந்தாலும் இத விட இருட்டு கிடைக்காது" என்று நானும் சேர்த்துக்கொண்டேன். அந்த வாய்க்குள் அவ்வளவு வெளிச்சம் போயிருந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு கொத்தனார் அம்மாவாசை உள்ளே வந்தார். கையில் டேப்பு.

"எந்தச் சுவருங்க?"

"யாரு வரச் சொன்னது?"

"ஒங்க வீட்டம்மாதான். நீங்க கருவடிக்குப்பம் கெளம்புனதுமே வந்து சொல்லிட்டுப் போனாங்களே."

தையல்நாயகி கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தப் பல்லி இருக்குது பாருங்கண்ணே, அதுக்கு நேரா வையுங்க."

அம்மாவாசை படத்தை உற்றுப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க சார். அளக்க ரொம்ப வசதி."

ஜன்னல் வந்தது. மதிய வெயில் நேராக அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. சோற்றுப் பானையை இறக்கும்போது செல்போனிலேயே ஒரு படம் எடுத்தேன். ஆவிக்கு நடுவில் சிரிக்கிறாள். ஒருத்தியாக, தெளிவாக. இன்று கூடத்துச் சுவரில் நான் பூ வைப்பது அந்தப் படத்துக்குத்தான்.

அன்றைக்கு அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த போனே போதும்போல இருக்குதே. எதுக்குங்க கேமரா?"

அந்த ஆடியிலும் அம்மன் மூன்று பேராகத்தான் வந்தாள்.